இரண்டாவது விசில்

என் பெயரையும் விலாசத்தையும் தனித்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது ஐம்பத்து மூன்று. தொழில் தையல். தெருவில் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது, டைலரக்கா என்று கேட்டால் கைகாட்டி விடுவார்கள். முன்னறையில் கடையும் பின்னறையில் குடியிருப்புமாகப் பதினாறு வருடங்களாக ஒரே இடத்தில் இருந்து வருகிறேன். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. எழுதப் படிக்கத் தெரியும். என்னை யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ இதைச் சொல்ல வைக்கவில்லை. காவல் நிலையத்தில் உட்கார நாற்காலி கொடுத்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், தண்ணீர் குடிக்கவில்லை.

இறந்துபோன பெரியவர் என் கடைக்கு நேர் எதிர் வீட்டில் தனியாகக் குடியிருந்து வந்தார். வயது எண்பத்து மூன்று. முப்பத்து நான்கு வருடம் பஸ் கண்டக்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதற்கெடுத்தாலும் ரைட் என்பார். டீயில் சர்க்கரை போதுமா என்று கேட்டாலும் ரைட், யாராவது செத்துப்போன சேதி சொன்னாலும் முதலில் ரைட், அதற்கப்புறம்தான் அடப்பாவமே. அதனால் தெருவில் அவருக்கு ரைட்டு மாமா என்று பெயர். நானும் மாமா என்றுதான் கூப்பிடுவேன். சொந்தம் எதுவும் கிடையாது. இதை எழுதுகிற காவலர் என்னைப் பராமரிப்பாளர் என்று எழுதப் போனார். அது வேண்டாம், எதிர்வீட்டுக்காரி என்று எழுதுங்கள் என்று சொன்னேன். அப்படியே எழுதிக்கொண்டார்.

மாமாவின் மனைவி ஆறு வருடங்களுக்கு முன்பு காலமானார். ஒரே மகன். பஸ்ஸில் ஏழு மணி நேரப் பயணத்தில் வேறு ஊரில் குடும்பத்தோடு இருக்கிறார். மனைவி போன பிறகு மாமா தானே சமைத்து, தானே துவைத்து, தானே கடைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். போன வருடத்துக்கு முந்திய வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு உடைந்தது. மகன் வந்து பத்து நாள் கூடவே இருந்தார். பத்தாம் நாள் அப்பாவுக்கும் மகனுக்கும் என் கடை வாசலிலேயே வாக்குவாதம் ஆனது. மகன் தன் ஊரில் ஒரு முதியோர் இல்லம் பார்த்து வைத்திருந்தார். நல்ல இடம், வாரம் மூன்று தடவை நான் வந்து பார்ப்பேன் என்றார். அதற்கு மாமா, "நான் என்ன டிக்கெட் எடுக்காம ஏறினவனா, பாதி வழியில இறக்கி விடறதுக்கு?" என்று கேட்டார். மகன் அதட்டிப் பேசுகிற ஆள் இல்லை. "இறக்கி விடலப்பா, பத்திரமா இருங்கன்னுதானே சொல்றேன்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "வீட்டைக் கொஞ்சம் சரி பண்ணிக் குடுத்துப் பாருங்களேன் தம்பி, எதிர்ல நான் இருக்கேன்ல" என்று சொன்னேன். இந்த விஷயத்தில் நான் உள்ளே வந்தது அப்படித்தான்.

அதன் பிறகு வீட்டைச் சரி செய்தோம். மகன் ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு வந்தார். கூடத்தில் கிடந்த பழைய கம்பளம் கால் தடுக்கும் என்று சுருட்டிப் பரணில் போட்டோம். பின்வாசல் படி விளிம்பில் மஞ்சள் பெயின்ட் அடித்தோம். குளியலறையில் உட்கார்ந்து குளிக்க ரப்பர் கால் வைத்த ஸ்டூல் வாங்கிப் போட்டார். தெருக்கதவில் உள் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து சாவி போட்டுத் திறக்கிற பூட்டு மாற்றினார். மாமாவின் கைலி அத்தனையையும் இரண்டு அங்குலம் மடித்து நான் தைத்துக் கொடுத்தேன். பிளம்பர் வந்து குளியலறையிலும் அதற்குப் போகிற நடையிலும் சுவரில் கைப்பிடிக் கம்பி பொருத்தினார். மாமாவை அந்தந்த இடத்தில் நிற்க வைத்து, நின்ற வாக்கில் கை எங்கே போகிறதோ அங்கே பென்சிலால் கோடு போட்டு, அந்த உயரத்தில் துளை போட்டார். உயரம் சரியா என்று என்னையும் பிடித்துப் பார்க்கச் சொன்னார்கள். பிடித்துப் பார்த்துவிட்டுச் சரி என்று சொன்னேன்.

மகன் கழுத்தில் மாட்டிக்கொள்கிற பட்டன் ஒன்றும் வாங்கி வந்தார். அதை அமுக்கினால் அவருக்கும் எனக்கும் போன் வரும். முதல் வாரத்திலேயே மாமா பாத்திரம் கழுவக் குனியும்போது அது தொட்டியில் அமுங்கி மூன்று தடவை போன் வந்தது. மூன்றாவது தடவை நான் ஊரில் இல்லை, மாமாவும் போனை எடுக்காததால் மகன் பாதி ராத்திரியில் கிளம்பி விடியற்காலையில் வந்து நின்றார். மாமா கதவைத் திறந்து, "ஏன்டா, தோசைக்கல்லு கழுவக்கூட உன்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா?" என்று கேட்டாராம். அன்றைக்கே பட்டனைக் கழற்றிக் காலண்டர் ஆணியில் மாட்டிவிட்டார். மாட்டுக்கு மணி கட்டின மாதிரி இருக்கிறது என்றார்.

அதற்குப் பதிலாக மேசை இழுப்பறையிலிருந்து ஒரு விசிலை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். வேலையில் இருந்தபோது வைத்திருந்த விசில். பழுப்பு நிறக் கயிறு போட்டது. அதைத் தானே கழுத்தில் மாட்டிக்கொண்டார். பட்டன் மாட்டினால் மணி, விசில் மாட்டினால் மட்டும் மாலையா என்று நான் கேட்டதற்கு, "இது என் சாமான்" என்றார். மகனும் அப்போது கடையில் இருந்தார். மாமா எங்கள் இருவருக்கும் முன்னால் ஏற்பாட்டைச் சொன்னார்.

"காலைல ஏழு மணிக்கு நீ ஷட்டரைத் தூக்குவ இல்ல, அந்தச் சத்தம் கேட்டதும் ஜன்னல்கிட்ட வந்து ரெண்டு விசில் குடுப்பேன். ரெண்டு விசில்னா ரைட், வண்டி போகலாம். வரலைன்னா சாவியை எடுத்துட்டு வா."

"ஒண்ணு மட்டும் வந்தா?" என்று நான் கேட்டேன்.

"ஒண்ணுன்னா ஸ்டாப்பு. அதை எதுக்குக் குடுக்கப் போறேன்? நான் இறங்கற எடமா வந்துடுச்சு?"

மகன் சிரித்துவிட்டார். அதன் பிறகு வீட்டுச் சாவி ஒன்றை என் கையில் கொடுத்து, "விழுந்தா மட்டும் மறைக்காதீங்கக்கா. இன்னொரு தடவை விழுந்தா நான் கூட்டிட்டுப் போயிடுவேன், அப்பாவும் ஒத்துக்கிட்டாரு" என்றார். ஒத்துக்கொண்டீர்களா மாமா என்று கேட்டேன். மாமா தெருவைப் பார்த்துக்கொண்டு ரைட் என்றார்.

அன்றிலிருந்து ஒரு வருடமும் இரண்டு மாதமும் இது நடந்தது. ஷட்டரைத் தூக்குவேன், எதிர் ஜன்னலில் இரண்டு விசில் வரும், நான் கத்தரிக்கோலின் பிடியால் ஷட்டர் கம்பத்தில் இரண்டு தட்டுத் தட்டுவேன். அது என் பதில். சாயங்காலம் ஐந்து மணிக்கு மாமா கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பார். தைத்து முடிக்காமல் தொங்குகிற துணியைக் காட்டி, "ஏம்மா, இந்த ஜாக்கெட்டு எப்பக் கிளம்பும்? மூணு நாளா ஸ்டாண்டுலயே நிக்குதே" என்பார். எனக்கு அந்த நேரம் பிடித்திருந்தது. இதுவும் எழுத வேண்டுமா என்று காவலர் கேட்டார். எழுதுங்கள் என்றேன்.

இடையில் ஒரு நாள் விசில் வரவில்லை. நாற்பது நிமிடம் பார்த்துவிட்டுச் சாவியோடு போனேன். மாமா கழிப்பறையில் இருந்தார். உள்ளிருந்தபடியே, "யாரது, டிக்கெட் செக்கிங்கா?" என்று கத்தினார். எனக்கு மானம் போனது. இரண்டு நாள் அவர் டீக்கு வரவில்லை. அதற்குப் பிறகு விசில் கொஞ்சம் தாமதமானால் எழுந்து போகாமல் காத்திருப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

போன மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை சுமார் பதினோரு மணிக்கு மாமா எனக்குப் போன் செய்தார். சாவியை எடுத்துக்கொண்டு வா, யாரிடமும் சொல்லாதே என்றார். போய்ப் பார்த்தபோது சமையலறைத் தரையில் சுவரில் முதுகு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாதி உரித்த வெங்காயம் சுற்றிலும் கிடந்தது. அடி பெரிதாக இல்லை, முழங்கையில் மட்டும் தோல் உரிந்திருந்தது. நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அதில் கையை ஊன்றச் சொல்லி, முதலில் ஒரு முட்டி, பிறகு அடுத்த முட்டி என்று மெதுவாகத் தூக்கி உட்கார வைத்தேன். இருபது நிமிடம் ஆனது. உட்கார்ந்ததும் மாமா, "இது விழுந்ததுல சேராது. உக்காந்தேன், எழுந்திருக்க வரல, அவ்வளவுதான்" என்றார். "சரி, சேராது" என்று நானும் சொன்னேன். வெங்காயத்தைப் பொறுக்கி உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். மகனுக்குச் சொல்லவில்லை. சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன், சொல்லவில்லை. இது மகனுக்கு இன்று வரை தெரியாது. இந்தத் தாளைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்.

அன்று சாயங்காலம் மாமா வழக்கம்போல டீக்கு வந்தார். பகல் முழுக்க எனக்குக் கை வேலையில் ஓடவில்லை. இரண்டு தடவை தையலைப் பிரித்தேன். அவர் உட்கார்ந்ததும் டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு நான் சொன்னது இது.

"மாமா, இந்த ஒரு தடவைதான். அடுத்த தடவை மறைக்க மாட்டேன். உங்க பையனுக்குப் போன் போட்டுட்டுத்தான் உங்களைத் தூக்கவே வருவேன்."

மாமா ரைட் என்றார். டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். ஒரு நாளும் அவர் டம்ளரைக் கழுவியது கிடையாது. நான் அப்படிச் சொன்னது அவர் மேல் உள்ள அக்கறையிலா என்று காவலர் கேட்டார். அக்கறையும் உண்டு. ஆனால் முதலில் இருந்தது பயம். அவருக்கு ஏதாவது ஆகி, அந்தப் பழி என் தலையில் விழுந்துவிடுமோ என்ற பயம். அதையும் அப்படியே எழுதச் சொன்னேன்.

அதன் பிறகு மாமா டீக்கு வருவது குறைந்தது. வாரத்தில் மூன்று நாள் வந்தார், பிறகு ஒரு நாள், பிறகு வரவே இல்லை. காலை விசில் மட்டும் தவறாமல் வந்தது. எனக்கு அப்போது பள்ளிச் சீருடை வேலை குவிந்து கிடந்ததால் நானும் போய்க் கூப்பிடவில்லை. கோபம் தணிந்தால் தானே வருவார் என்று விட்டுவிட்டேன்.

சம்பவம் நடந்த வாரம் புதன்கிழமை காலை ஏழு மணிக்கு இரண்டு விசில் வந்தது. மாமா ஜன்னலில் நின்றது எனக்குத் தெரிந்தது. நான் பதில் தட்டினேன். எட்டு மணிக்கு அவர் வெளியே வந்து படியில் கிடந்த பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போனதையும் பார்த்தேன். கையை ஆட்டவில்லை, நானும் ஆட்டவில்லை. அதன் பிறகு அவரை நான் வெளியே பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னறை விளக்கு எரியவில்லை. அதைக் கவனித்தேன். சீக்கிரம் படுத்துவிட்டார் போல என்று நினைத்தேன். புதன்கிழமை காலை ஒன்பது மணி வாக்கில் குளித்துவிட்டு வரும்போது அவர் விழுந்திருக்கிறார் என்று ஆஸ்பத்திரியில் பிறகு சொன்னார்கள்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு ஷட்டரைத் தூக்கினேன். விசில் உடனே வரவில்லை. இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டு நூல் கோத்து முடித்த பிறகு வந்தது. முதல் விசில் நீளமாக வந்தது. நடுவில் இடைவெளி விட்டு இரண்டாவது வந்தது, குட்டையாக. இரண்டும் ஜன்னலில் இருந்து வரவில்லை. வீட்டுக்குள்ளே எங்கேயோ இருந்து, அண்டாவுக்குள் ஊதினது போலக் கேட்டது. எதிர் ஜன்னல் சாத்தியிருந்தது, தெருவில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. தூறலுக்காக ஜன்னலைச் சாத்தியிருப்பார் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டேன் என்பதுதான் சரி. நான் எழுந்து ஆணியில் தொங்கிய அவர் வீட்டுச் சாவியைக் கையில் எடுத்தேன். எடுத்துக்கொண்டு நின்றேன். இரண்டு விசில் வந்துவிட்டதே, இப்போது போய்க் கதவைத் திறந்தால் டிக்கெட் செக்கிங்கா என்று கேட்பார், ஏற்கெனவே கோபத்தில் இருக்கிறார் என்று நினைத்துச் சாவியைத் திரும்ப மாட்டிவிட்டேன். கத்தரிக்கோலை எடுத்துக் கம்பத்தில் இரண்டு தட்டுத் தட்டினேன். அவர் கிடந்த இடத்துக்கு அது கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன். ஷட்டர் சத்தம் கேட்டிருக்கிறது, அதனால் இதுவும் கேட்டிருக்கும்.

அன்று மதியம் பார்த்தபோது பேப்பர் படியிலேயே நனைந்து கிடந்தது. பார்த்தேனா என்று காவலர் இரண்டு தடவை கேட்டார். பார்த்தேன்.

அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு மகன் எனக்குப் போன் செய்தார். நேற்றும் இன்றும் அப்பா போனை எடுக்கவில்லை என்றார். சார்ஜ் போட மறந்திருப்பார் என்று நான் சொன்னேன்.

"காலைல விசில் வந்துச்சாக்கா?"

"வந்துச்சு தம்பி. ரைட் குடுத்தாரு."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, என் கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பரவாயில்லை என்றேன். சத்தம் எங்கிருந்து வந்தது, எவ்வளவு நேரம் கழித்து வந்தது என்பதை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அப்பா நன்றாக இருக்கிறார் என்று எதிர்வீட்டுப் பெண் உறுதி சொன்னதால் தான் கிளம்பி வரவில்லை என்று மகன் இங்கே கொடுத்த புகாரில் எழுதியிருப்பதாகப் படித்துக் காட்டினார்கள். அவர் எழுதியது சரி. அதை நான் மறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஷட்டரைத் தூக்கினேன். அன்று விசில் உடனே வந்தது. ஒன்று. நான் கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு இரண்டாவதற்குக் காத்திருந்தேன். வரவில்லை. முந்தின நாளும் இடைவெளி விட்டுத்தான் வந்தது, இன்றும் வரும் என்று கத்தரிக்கோலை மடியில் வைத்துக்கொண்டு சீருடைப் பாவாடை ஒன்றை எடுத்து அடி மடித்துத் தைக்க ஆரம்பித்தேன். காது அங்கேதான் இருந்தது. எவ்வளவு நேரம் காத்திருந்தாய் என்று கேட்டதற்கு, கடிகாரத்தைப் பார்க்கவில்லை என்று சொன்னேன். ஆனால் அன்று அடி தைத்த பாவாடை மூன்று. ஒன்றுக்கு ஐந்து நிமிடம் ஆகும். நான்காவதை எடுக்கும்போது, ஒண்ணுன்னா ஸ்டாப்பு என்று அவர் சொன்னது ஞாபகம் வந்தது. அது எப்படி அதுவரை ஞாபகம் வராமல் போனது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் இரண்டாகவே கேட்ட காது, ஒன்றைக் கேட்டதும் மற்றதைத் தேடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

உடனே சாவியோடு ஓடினேன். படியில் இரண்டு பேப்பர் கிடந்தது, ஒன்று ஈரம், ஒன்று காய்ந்தது. கதவைத் திறந்து மாமா என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. குளியலறைக்குப் போகிற நடையில் இடது பக்கமாகக் கிடந்தார். குளியலறை வாசல் மிதியடியை இழுத்து மார்பு மேல் போட்டிருந்தார். தலைமாட்டில் குளிக்கிற மக் இருந்தது, அதில் தண்ணீர் இல்லை. கைலியும் தரையும் இருந்த நிலையை நான் சொல்ல விரும்பவில்லை. அவர் அதை விரும்ப மாட்டார். சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டிருந்தது. விசில் வாயில் இருந்தது.

அவர் தலைக்கு மேலே சுவரில் கைப்பிடிக் கம்பி இருந்தது. கம்பிக்கு ஒரு முழம் கீழே வரைக்கும் சுண்ணாம்பில் விரல் இழுத்த கோடுகள் இருந்தன. பிளம்பர் போட்ட பென்சில் கோடும் இன்னும் அழியாமல் இருந்தது. நிற்கிறவர் விழாமல் இருக்கத்தான் அந்தக் கம்பியை வைத்தோம். விழுந்தவர் பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பி வைக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிலை வாயிலிருந்து எடுத்தேன். மாமா கண்ணைத் திறந்தார். நாக்கு ஒட்டிக்கொண்டிருந்ததால் பேச்சு குழறியது.

"இப்பதாம்மா விழுந்தேன். அஞ்சு நிமிஷம் ஆகல."

"சரி மாமா."

"போன் போட்டுட்டியா?"

"இல்ல மாமா."

"ரைட்" என்றார்.

அதன் பிறகு கரண்டியால் கொஞ்சம் தண்ணீர் கொடுத்தேன். தூக்கப் பார்க்கவில்லை, இடுப்பு கோணலாக இருந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் வாளியில் தண்ணீர் பிடித்து அவரைத் துடைத்து, பீரோவிலிருந்து வேறு கைலி எடுத்து மேலே போர்த்தினேன். நான் மடித்துத் தைத்த கைலி. மகனுக்குப் போன் செய்தது அதற்கும் பிறகுதான், ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரை இறக்கும்போது. பையனுக்குப் போன் போட்டுவிட்டுத்தான் தூக்க வருவேன் என்று சொன்னவள் நான். சொன்னபடி செய்யவும் இல்லை. வண்டியில் மாமா ஒரே ஒரு தடவை பேசினார். வீட்டைப் பூட்டினாயா என்று கேட்டார். பூட்டினேன் என்றேன். சாவி உன்னிடமே இருக்கட்டும் என்றார்.

ஆஸ்பத்திரியில் இடுப்பு எலும்பு முறிந்திருப்பதாகவும், தண்ணீர் இல்லாமல் இரண்டு நாள் கிடந்ததில் சிறுநீரகம் கெட்டுவிட்டதாகவும் சொன்னார்கள். மகன் மாலை நான்கு மணிக்கு வந்து சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு மாமா இறந்துபோனார். அப்போது நான் வராந்தாவில் இருந்தேன். மகன் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "வியாழக்கெழம ரைட் குடுத்தாருன்னு சொன்னீங்களேக்கா" என்று கேட்டார். குடுத்தாரு தம்பி என்றேன். "கீழ கெடந்துக்கிட்டா?" என்று கேட்டார். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கேட்டுக்கொண்டிருந்திருப்பேன். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை, இப்போதும் வரவில்லை. வெகுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, அது மாதிரி இருக்கிறது, ஆள் முழுக்க.

அப்பா எதற்காகக் கீழே கிடந்துகொண்டு இரண்டு விசில் ஊத வேண்டும், ஒருவேளை மூளை குழம்பியிருக்குமா என்று மகன் புகாரில் கேட்டிருக்கிறார். மூளை குழம்பவில்லை. மணி தெரிந்து, ஷட்டர் சத்தம் கேட்டு, எண்ணி இரண்டு ஊதியிருக்கிறார். விழுந்தது தெரிந்தால் நான் மகனுக்குச் சொல்லிவிடுவேன், மகன் வந்து கூட்டிப் போய்விடுவார், வீடு போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். எப்படியாவது எழுந்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். எழுந்துவிட்டால் அது விழுந்ததில் சேராது. ஒரு மாதத்துக்கு முன்பு நான் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் புதன்கிழமை காலையிலேயே ஒரு விசில் கொடுத்திருப்பார். விசில் அன்றைக்கும் அவர் கழுத்தில்தான் இருந்தது.

காவலர் ஒரு பிளாஸ்டிக் உறையில் விசிலைக் காட்டி அடையாளம் சொல்லச் சொன்னார். பழுப்புக் கயிறு போட்ட இந்த விசில் மாமாவுடையதுதான். வாய் வைக்கிற இடத்தில் பல் பதிந்த தடங்கள் இருக்கின்றன. ஒரு வருடம் அவர் பெஞ்சில் உட்கார்ந்து இதைக் கையில் உருட்டிக்கொண்டிருந்ததைத் தினமும் பார்த்தவள் நான். அப்போது அந்தத் தடங்கள் இல்லை. வீட்டுச் சாவியை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

எல்லாவற்றையும் எழுதி முடித்து எனக்குப் படித்துக் காட்டினார்கள். ஓர் இடத்தில், வெள்ளிக்கிழமை காலை மேற்படி பெரியவர் உதவி கேட்டு ஒரு முறை விசில் ஊதினார் என்று எழுதியிருந்தது. அதை அடிக்கச் சொன்னேன். ஏன் என்று காவலர் கேட்டார். வா என்று கூப்பிட ஒன்றோடு நிறுத்தினாரா, அன்றைக்கும் ரைட் சொல்ல நினைத்து இரண்டாவதற்கு மூச்சு இல்லாமல் போனதா என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. ஒரு விசில் வந்தது, இரண்டாவது வரவில்லை என்று மட்டும் எழுதச் சொன்னேன். அப்படியே மாற்றி எழுதினார்கள்.

திருத்தம் ஓர் இடம், என் கையெழுத்தோடு. மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, நான் சொன்னது நடந்தபடியே இருக்கிறது. படிக்கக் கேட்டேன், சரி.

(கையொப்பம்)
எதிர்வீட்டுக்காரி, தையல்